ஏழாவது பாட்டுக்குள் ஒரு மூச்சு

முதல் இரண்டு மணி நேரம் வெறும் உப்புத் தண்ணீர்தான். மருந்து அதற்கப்புறம். லிடியா சிஸ்டர் இடது கையில் ஊசியை ஏற்றி, பிளாஸ்டர் ஒட்டி, சொட்டுகளைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மணி ஒன்பதே முக்கால். பதினொன்றே முக்காலுக்குக் கறுப்பு உறை மாட்டிய பை வரும். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற மருந்தாம், அதனால் உறை. என் உடம்புக்குள் போய்விட்டால் இருட்டுதானே, அங்கே அதற்கு ஒரு பயமும் இல்லை. இது மூன்றாவது சுற்று, முதல் நாள். இதோடு முடிந்தது என்று டாக்டர் உமையாள் சொல்லியிருக்கிறார். காலையில் வந்தபோது வழக்கமான கேள்விகளைக் கேட்டார், வாந்தி எப்படி இருக்கு நவநீதன், வாயில புண் இருக்கா, விரல் நுனி மரத்துப்போகுதா, காதுல இரைச்சல் ஏதாவது? கடைசிக் கேள்விக்கு இல்லீங்க டாக்டர் என்றேன். தாளில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். இல்லீங்க என்று சொல்லும்போதே அது கேட்டுக்கொண்டிருந்தது, ஈஈஈ என்று, பக்கத்து அறையில் யாரோ பழைய டிவியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு அணைக்காமல் போன மாதிரி. பன்னிரண்டு நாளாக இருக்கிறது. முதல் நாள் ஃபிரிட்ஜ் என்று நினைத்து எழுந்துபோய் ஃபிரிட்ஜை நிறுத்தினேன். நிற்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினேன். நிற்கவில்லை. அம்மா வந்து, பால் திரிஞ்சு போயிருமே சாமி, எதுக்கு நிறுத்துனே என்றாள். அம்மாவுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இப்போதும் கால்மாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒயர்க் கூடை, கூடையில் ஃபிளாஸ்க், ரசஞ்சாதம், நான் வாந்தியெடுத்தால் பிடிக்க ஒரு பாலித்தீன் பை. என்னவோ கேட்க வாயைத் திறக்கிறாள். நான் இயர்போனை இரண்டு காதிலும் செருகிக்கொள்கிறேன். வாய் மூடிக்கொள்கிறது.

எதைக் கேட்பது என்று யோசிக்கக்கூட இல்லை, விரல் தானாகவே அந்த ராக் ஆல்பத்துக்குப் போகிறது, தி பேல் ஃபெரிஸ் குழுவின் ஹார்பர் லைட்ஸ் அவுட். பத்தொன்பது வயதில், இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், நான்கு பாடத்தில் அரியர் விழுந்த வாரம் முதன்முதலில் கேட்டது. அதற்கப்புறம் எத்தனை முறை என்று கணக்கே இல்லை. பம்புசெட் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறேன், அப்பாவின் காரியம் முடிந்து திரும்பிய பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். என் வலைப்பூவில் நான் எழுதிய முதல் குறிப்பே இதைப் பற்றித்தான், அறுபத்தோரு பேர் படிக்கிற வலைப்பூ, அதில் பாதி என் நண்பன் ஷாநவாஸின் கடைக்கு போன் ரிப்பேருக்கு வருகிறவர்கள், அவன் பிடித்து இழுத்துச் சேர்த்தது. இந்த ஆல்பம் கிட்டாரில் ஆரம்பிக்காது, டிரம்ஸ்காரர் வெண்கலத் தட்டு மேல் குச்சியால் நான்கு தட்டு தட்டுவார், நான்காவது தட்டுக்கும் கிட்டாருக்கும் நடுவில் ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் தட்டின் அதிர்வு மட்டும் அலைந்துகொண்டிருக்கும், தகரக் கூரையில் மழை விட்டபிறகும் விடாத ஈரம் மாதிரி, என்று எழுதியிருந்தேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொய்யில்லை. இப்போது கேட்கிறேன். தட்டு விழுகிறது. டப், டப், டப், டப். அவ்வளவுதான். ஈரத்துணி போட்டு மூடிவிட்டுத் தட்டின மாதிரி. அலைச்சல் இல்லை. இடைவெளி வெறும் இடைவெளியாக இருக்கிறது. இயர்போன் பழசு, ஒயர் நெளிந்து போயிருக்கிறது, வலதை இடதிலும் இடதை வலதிலும் மாற்றிப் போடுகிறேன். டப், டப், டப், டப். சத்தத்தைக் கூட்டினால் கிட்டார்தான் பெரிதாகிறது. விசித்திரம் என்னவென்றால் இரண்டாவது தடவை கேட்கும்போது அந்த அலைச்சல் கொஞ்சம் கேட்கிற மாதிரி இருந்தது, மூன்றாவது தடவை இன்னும் கொஞ்சம், அப்புறம்தான் புரிந்தது, நான் கேட்கவில்லை, நினைத்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் கேட்ட பாட்டை மண்டை தானாகவே பாடி நிரப்பிக்கொள்கிறது. அப்படியானால் இந்தப் பன்னிரண்டு நாளில் நான் கேட்டதெல்லாம் எது. எவ்வளவு காதில் விழுந்தது, எவ்வளவு நானே போட்டு நிரப்பிக்கொண்டது.

இணையத்தில் படித்துவிட்டேன், படித்திருக்கக் கூடாது. இந்த மருந்து காதுக்குள் இருக்கிற நுண்ணிய மயிர்களை மேலிருந்து கருக்கிக்கொண்டு வருமாம், மிக உச்சமான சத்தம் முதலில், அப்புறம் அதற்குக் கீழே, அப்புறம் அதற்கும் கீழே. போனது முளைக்காது. தலைமுடி முளைத்துவிடும், புருவம் முளைத்துவிடும், அது மட்டும் முளைக்காது. இன்னொரு மருந்து இருக்கிறது, இதற்குத் தம்பி மாதிரி, காதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் என் நோய்க்கு அது இந்த அளவுக்குக் கேட்காது என்றும் அங்கேயே போட்டிருந்தது. ஆக, இரைச்சல் இருக்கிறது என்று சொன்னால் மாற்றிவிடுவார்கள், மாற்றினால் நோய் திரும்ப வரும், வந்தால் நுரையீரலுக்குப் போகும். சொல்லாவிட்டால் காது போகும். சொன்னால், சொல்லாவிட்டால், சொன்னால், சொல்லாவிட்டால். முப்பத்தொரு வயதுக்காரன் தனக்கு என்ன நோய் என்பதையே ஒருத்தரிடமும் சொல்ல முடியாமல் இருக்கிறான், இதில் காது வேறு. அம்மா ஒறம்பரை, சொந்தபந்தங்களிடமெல்லாம் வயித்துல கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறாள். வயிறு கௌரவமான இடம். பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து, எந்தப் பக்கம் வயிறு என்று கேட்டபோது நான் வலது பக்கம் என்றேன். அது உண்மைதான், வலது பக்கம்தான் எடுத்தார்கள், வயிற்றுக்குக் கீழே, இரண்டில் ஒன்றை.

அடுத்தது உப்பளம். கிளிஞ்சல் என்று பெயர் வைத்துக்கொண்ட தூத்துக்குடிப் பையனின் ஹிப்ஹாப். ஷாநவாஸ் இதை அனுப்பி ஒரு வருஷம் நான் கேட்கவே இல்லை. உக்கடத்தில் அவன் கடையில், பிரித்துப் போட்ட போன்களுக்கு நடுவில் டீ குடித்துக்கொண்டே சண்டை போட்டோம். இதென்னடா பாட்டா மேடைப்பேச்சா என்றேன். அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, மச்சான், உன் கிட்டார்காரனுக்கு சோகம் வந்தா கடலைப் பாத்து நிப்பான், இவன் கடலுக்குள்ள நிக்கறவன், ஒருக்கா காதைக் குடுத்துக் கேளு, புடிக்கலன்னா நான் கடைய மூடிடறேன் என்றான். கேட்டேன். கடையை மூட வேண்டியிருக்கவில்லை. எங்காத்தா கால் வெடிச்ச வெடிப்புலதான் ஒங்க சோத்துக்கு ருசியிருக்கு என்று ஒரு வரி வரும், அதைக் கத்த மாட்டான், பல்லுக்கு நடுவில் சீறுவான், பின்னால் தாளம் த்ஸ் த்ஸ் த்ஸ் என்று உப்பை வாரிக் குவிக்கிற சத்தம் போலவே ஓடும், மேளமும் இல்லை ஒரு வாத்தியமும் இல்லை, அந்தச் சீறலின் மேல்தான் முழுப்பாட்டும் நிற்கிறது. ராக் உன்னைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போகும், இது நீ நிற்கிற இடத்தையே காட்டும் என்று எழுதினேன். ஷாநவாஸ் அதை பிரேம் போட்டுக் கடையில் மாட்டாத குறை. இப்போது அந்தச் சீறல் இல்லை. குரல் இருக்கிறது, ஆனால் தரை இல்லாத வீட்டில் நடக்கிற மாதிரி அந்தரத்தில் நடக்கிறது. வெடிச்ச என்பது வெடி என்று நிற்கிறது, ருசி என்பதில் சி தேய்ந்து போகிறது, சொற்களின் நுனியை எலி கொறித்துப் போட்டிருக்கிறது. நான் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்க்கிறேன். கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறாள். பத்து நாளாக அம்மா முணுமுணுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பேசாததற்குக் கோபம், அதனால் வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிறாள் என்று. அம்மா முணுமுணுக்கவில்லை.

அம்மாவிடம் நான் பேசாமல் போனது சங்கவியால். சங்கவியால் என்று சொல்லக் கூடாது, அவள் என்ன செய்தாள் பாவம். தை மாதம் எங்களுக்கு நிச்சயம், வைகாசியில் கல்யாணம் என்று மண்டபம்கூடப் பேசியாயிற்று. மாசியில் எனக்கு வீக்கம் தெரிந்தது. பரிசோதனை, ஆபரேஷன், எல்லாம் பத்து நாளில். கல்யாணத்தைத் தள்ளிவைப்போம், வயிற்றில் கட்டி என்று அவர்களிடமும் சொல்வோம், எல்லாம் சரியான பிறகு நானே சங்கவியிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேனா, அல்லது சொல்லாமலே விட்டிருப்பேனா, அது எனக்கே தெரியாது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கட்டிலில் படுத்தபடி, சமையலறையில் அம்மா போனில் பேசுவதைக் கேட்டேன். அன்றைக்குக் காது நன்றாகக் கேட்டது, ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. உங்க புள்ளைக்குத் தெரியாம நாங்க மூடி மறைச்சுக் கட்டி வெக்கக் கூடாதுங்க, அது பாவமுங்க, வயித்துல இல்லீங்க என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். எந்த இடம், எந்தப் பக்கம், டாக்டர் என்ன சொன்னார், குழந்தை பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்பது வரைக்கும். ஊருக்கெல்லாம் பொய் சொன்னவள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உண்மையைச் சொன்னாள். ஒரு வாரத்தில் நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. சங்கவியிடமிருந்து ஒரே ஒரு மெசேஜ், உடம்பைப் பாத்துக்குங்க. அவ்வளவுதான். ஆவணியில் திருப்பூரில் ஒரு பையனோடு அவளுக்குக் கல்யாணம் என்று ஷாநவாஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான். நான் அம்மாவிடம் சண்டைகூடப் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பத்து நாளில் முடிந்திருக்கும். இயர்போனை மாட்டிக்கொண்டேன்.

மணி பத்து நாற்பது. இன்னும் ஒரு மணி நேரம். கேட்க மாட்டேன் என்று நினைத்ததைத்தான் இப்போது தேடுகிறேன். தாலியா ஃபென் பாடிய ஸ்மால் வெதர். பாப். பாப் என்றாலே எனக்கு ஆகாது, எட்டு வருஷம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நிச்சயம் முடிந்து இரண்டாவது வாரம் ஆர்.எஸ்.புரத்தில் ஜூஸ் கடையில் சங்கவி எதிரில் உட்கார்ந்திருந்தாள், உறிஞ்சு குழாயை மடக்கி மடக்கி, நீங்க பாட்டைப் பத்தியெல்லாம் எழுதுவீங்களாமா, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்பமுங்க, ஒருக்கா கேளுங்க என்று தன் இயர்போனில் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். ஏழாவது பாட்டு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி எல்லா வாத்தியமும் நிக்கும், அப்ப அந்தப் பொண்ணு மூச்சு இழுக்கறது கேக்கும், கேட்டுச்சுங்களா, அத வெட்டாம விட்டிருக்காங்க பாருங்க, எனக்கு அந்த எடம்தான் என்றாள். நான் ம் என்றேன். நான் கேட்கவில்லை. அவள் காதோரம் விழுந்திருந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுகூட மன்னிக்கலாம், உண்மையில் அந்த நேரம் இதைப் பற்றி என்ன எழுதலாம் என்று மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலமே எழுதினேன், சர்க்கரைத் தண்ணீர், மூன்று நிமிஷத்தில் நாக்கில் ஒன்றும் மிச்சமிருக்காது. அவள் படிப்பாள் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதினேன், கெட்டிக்காரன் என்று காட்டிக்கொள்ள. மறுநாள் அவள், படிச்சேனுங்க, நல்லா எழுதியிருக்கீங்க என்று மட்டும் சொன்னாள். அவள் அப்புறம் என்னிடம் எந்தப் பாட்டையும் பற்றிப் பேசவில்லை.

ஏழாவது பாட்டு. முதல் சரணம், சின்னக் குரல், பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்கிற குரல், ஒரு பெண் காலி வீட்டில் அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான் பாட்டு. இதைச் சர்க்கரைத் தண்ணீர் என்றவனுக்கு நாக்கே இல்லை. இதோ வாத்தியங்கள் நிற்கின்றன. ஒன்றுமில்லை. குரல் ஆரம்பிக்கிறது. திரும்பவும் வைக்கிறேன். நிற்கின்றன, ஒன்றுமில்லை, ஆரம்பிக்கிறது. சத்தத்தை முழுக்க வைக்கிறேன், நிற்கின்றன, ஈஈஈ என்று என் காதின் இரைச்சல், ஆரம்பிக்கிறது. பதினோரு தடவை. தட்டின் அலைச்சலை மண்டை நிரப்பிக்கொடுத்தது, முன்பே கேட்டு வைத்திருந்ததால். இதை நிரப்ப மண்டையிடம் ஒன்றும் இல்லை. கேட்கும்போது நான் கேட்கவில்லை. அந்த மூச்சு உண்மையிலேயே அங்கே இருக்கிறதா, சங்கவிக்கு மட்டும் கேட்டதா, யாருக்கும் கேட்குமா, எனக்கு இனிமேல் தெரிய வழியே இல்லை. அவளிடம் கேட்க முடியாது. ஷாநவாஸ் ஏழு மணிக்குத்தான் கடையடைத்து வருவான், அதற்குள் மருந்து ஏறியிருக்கும். அடுத்த கட்டில் பெரியவர் வாயைத் திறந்து தூங்குகிறார். மூச்சு இருக்கிறது என்றால் என் காது போய்விட்டது. இல்லை என்றால் சங்கவி பொய் சொன்னாள். சங்கவி பொய் சொல்கிற பெண்ணில்லை. ஆனாலும் யாராவது ஒருத்தர் கேட்டுச் சொல்ல வேண்டும், நல்ல காதுள்ள ஒருத்தர், இப்போதே. வலது காதிலிருந்து இயர்போனை எடுத்துச் சட்டையில் துடைக்கிறேன். கால்மாட்டுப் பக்கம் நீட்டுகிறேன்.

"அம்மா."

அம்மா துள்ளி எழுந்தாள். கூடை சாய்ந்து ஃபிளாஸ்க் உருண்டது. "என்ன சாமி, வாந்தி வருதா? சிஸ்டரக் கூப்புடட்டுமா?"

"ஒண்ணும் வரல. இதக் காதுல வெய்யி."

அவள் அதைத் தலைகீழாகச் செருகினாள், நான் திருப்பி வைத்தேன். காதுமடல் சூடாக இருந்தது. தோட்டின் திருகில் என் விரல் பட்டது. "ஒரு பொண்ணு பாடுவா. நடுவுல மேளம் எல்லாம் நின்னுரும். அப்ப என்ன கேக்குதுன்னு மட்டும் சொல்லு."

பாட்டை ஓட விட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு கேட்டாள். வாத்தியங்கள் நின்றன. அம்மாவின் புருவம் உயர்ந்தது.

"மூச்சு வாங்கறா."

"என்னது?"

"அந்தப் புள்ளதான் மூச்ச இழுக்கறா. கெணத்துல முங்கி மேல வந்தா இழுப்பமல்லொ, அப்புடி. அழுதுட்டுப் பாடறாளா கண்ணு?" பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏன், உனக்குக் கேக்கலியா?"

சத்தமாகத்தான் கேட்டிருப்பாள், எனக்கு அவள் உதடுதான் முதலில் தெரிந்தது. இல்லம்மா என்றேன். எப்ப இருந்து என்றாள். பன்னெண்டு நாளா. டாக்டரம்மா காலைல கேட்டாங்களே என்றாள். பொய் சொன்னேன். அம்மா காதிலிருந்து இயர்போனை எடுத்து, உடைந்துவிடுகிற பொருள் மாதிரி என் உள்ளங்கையில் வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த இன்னொரு மருந்து, நுரையீரல், மயிர், முளைக்காது என்பது, இரண்டு மாதத்துக்கும் சேர்த்துப் பேசினேன், மூச்சு வாங்கியது. அம்மா திரும்பி சிஸ்டர்கள் உட்காரும் மேசையைப் பார்த்தாள். தெரியாம போடக் கூடாது சாமி, அவங்களுக்குத் தெரிஞ்சுதான் போடணும் என்றாள். அதே குரல், சமையலறையிலிருந்து வந்த அதே குரல், இதோ எழுந்து போகப் போகிறாள், போய்ச் சொல்லப் போகிறாள், நான் அவள் முந்தானையை எட்டிப் பிடிக்கப் போனேன், ஊசி இழுத்தது. ஆனால் அம்மா எழுந்திருக்கவில்லை. கீழே உருண்ட ஃபிளாஸ்க்கை எடுத்துத் துடைத்துக் கூடையில் வைத்தாள்.

"போன தடவ உன்ன ஒரு வார்த்த கேக்காம நானே சொல்லிப்போட்டேன்" என்றாள். "சொன்னது தப்புன்னு எனக்குத் தோணல. இன்னைக்கும் தோணல. ஆனா உன்னக் கேட்டிருக்கோணும். ரெண்டு மாசமா அதுதான் வெசனம். இந்தத் தடவ நீயே சொல்லு. சொல்ல வேண்டாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சலைன் சொட்டிக்கொண்டிருந்தது. மணி பதினொன்று பத்து. அம்மா வாய் திறக்க மாட்டாள், சொன்னால் சொன்னதுதான், அப்பா இறந்த அன்றைக்கும் அப்படித்தான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒருத்தனாக இந்தச் சொட்டுகளை எண்ணலாம். சொல்லாமலே இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாமல் காது போகும், யாருக்கும் தெரியாமல் நான் பிழைத்துக்கொள்வேன், எல்லோரிடமும் சிரித்துத் தலையாட்டுவேன், ம், ம் என்று, ஜூஸ் கடையில் ஆட்டின மாதிரி. வாழ்நாள் முழுக்க ம். நான் கையைத் தூக்கி லிடியா சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் உமையாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலையில் போட்ட கோட்டை அடித்துவிட்டு மேலே வேறு எழுதினார். கீழ்த்தளத்துக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள், சலைன் பையை அம்மா தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்க என்றாள் ஒரு பெண். கேட்டது, அமுக்கினேன், கேட்டது, அமுக்கினேன், அப்புறம் நீண்ட நேரம் ஒன்றும் கேட்கவில்லை, முடிந்துவிட்டதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன், அந்தப் பெண்ணின் விரல் இயந்திரத்தில் இன்னும் அழுத்திக்கொண்டே இருந்தது. வெளியே வந்த காகிதத்தில் ஒரு கோடு, சமவெளியாகப் போய்க்கொண்டிருந்து வலது ஓரத்தில் பொத்தென்று கீழே விழுந்திருந்தது.

"மேல் ஸ்தாயி போயிருக்கு. போனது வராது, நவநீதன்" என்றார் டாக்டர், கட்டிலின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டு. "மருந்த மாத்தலாம். ஆனா நான் மறைக்க விரும்பல, உங்க நோய்க்கு இதுதான் நல்லாக் கேக்குற மருந்து. ரெண்டு சுத்துல ரத்தத்துல புற்றுநோயக் காட்டுற அளவு நல்லா இறங்கியிருக்கு. இன்னும் இந்த ஒரு சுத்து போட்டா முழுசா குணமாக வாய்ப்பு ரொம்ப அதிகம். காது இன்னும் கொஞ்சம் போகலாம். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது."

"பேச்சு கேக்குமுங்களா?"

"அநேகமா கேக்கும். கூட்டத்துல சிரமப்படுவீங்க. தேவைப்பட்டா கருவி வெச்சுக்கலாம்."

"பாட்டு?"

அவர் அந்தக் காகிதத்தை மடித்தார். "கேக்கலாம்" என்றார். "நீங்க இதுவரைக்கும் கேட்ட மாதிரி இருக்காது."

யோசிக்க நேரம் தருகிறேன், சாயங்காலம் வரைக்கும்கூட என்று சொன்னார். அம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தன் முகத்தில் இருப்பதைப் படித்துவிட்டு நான் முடிவெடுக்கக் கூடாது என்று. எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை, அதுதான் அழுகையாக வந்தது. காலையில் சொன்னால், சொல்லாவிட்டால் என்று சுற்றிச் சுற்றி வந்ததெல்லாம் ஏதோ இரண்டு வழி இருக்கிற மாதிரி. போடுங்க டாக்டர் என்றேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணிக்குக் கறுப்பு உறை போட்ட பையை மாட்டினார்கள். லிடியா சிஸ்டர் குழாயின் சக்கரத்தைத் திருகுகிறார், முதல் சொட்டு விழுவதை நானும் அம்மாவும் சேர்ந்து பார்க்கிறோம். கையில் குளிர்ச்சி ஏறுகிறது. நாக்கில் இரும்பு ருசி. போனைக் கையில் எடுத்து சங்கவியின் பெயரைத் திறந்தேன். அந்த மூச்சு இருக்குதுங்க என்று அடித்தேன். அதைப் படித்து அவள் என்ன செய்வாள், திருப்பூரில் கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டிருப்பாள், கடை வாசலில் நின்று படித்துவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளே போவாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அம்மா நாற்காலியைக் கால்மாட்டிலிருந்து இழுத்துத் தலைமாட்டில் போட்டுக்கொண்டாள். அதைக் குடு என்று கை நீட்டினாள். எதுக்கு என்றேன். உனக்கு எது கேக்கலியோ அத நான் கேட்டுச் சொல்றேன், ஒங்கப்பனுக்குக் கண்ணு மங்குனப்ப பேப்பர் படிச்சுக் காட்டுனேனல்லொ என்றாள். ஒன்றை அவள் காதில் வைத்தேன், மற்றதை என் காதில். தி பேல் ஃபெரிஸை முதலிலிருந்து விட்டேன். ஒரு தட்ட அடிக்கறாங்க, அடிச்சுட்டு விட்டுட்டாங்க, அது பாட்டுக்கு ஜிலுஜிலுன்னு அலையுது, இன்னும் அலையுது, இப்பத்தான் அடங்குது என்றாள். நான் வலது கைப் பெருவிரலால் போனில் அடித்துக்கொண்டேன், ஜிலுஜிலு, இன்னும் அலையுது, இப்பத்தான் அடங்குது. உப்பளம் வந்தபோது, இந்தப் பையன் எதுக்கு இத்தன கோவமா இருக்கான், இவனுக்கு அம்மா இல்லியா என்றாள், அந்த வரி வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் பாதத்தைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். தாலியா ஃபென்னுக்கு அவள் ஒன்றுமே சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், கன்னத்தில் நீர் இறங்கியது, துடைக்கவில்லை. எனக்குக் குமட்டல் ஆரம்பித்திருந்தது, வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த இடத்தில் அசைகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று. ரொம்ப நேரம் அசையாமல் இருந்தது. பிறகு கண்ணைத் திறந்தாள்.

"முடிஞ்சிருச்சு சாமி" என்றாள். "இன்னொண்ணு போடு."